சாமி முதுகுச் சுவர்

செல்லம் என்று பெயர் வைத்தவர்கள் அவளுக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை. மலேசியாவில் கோத்தா திங்கி ஆஸ்பத்திரித் துப்புரவுப் பிரிவுக்குப் பதினோரு வருடமாக அவள்தான் மேற்பார்வை. ஒரு அறையைக் கழுவி முடித்ததும் உள்ளே போய்ச் சுவரில் ஒரு விரலை வைத்து இழுப்பாள். விரலைப் பார்ப்பாள். தலையாட்டினால் அறை தயார், ஆட்டாவிட்டால் மறுபடியும் வாளியும் துணியும். பெரிய டாக்டர்களே அந்தத் தலையாட்டலுக்காக வெளியே நின்றதுண்டு. அப்படிப்பட்டவளைப் பார்த்து, "உனக்குத் துடைக்கத் தெரியாது" என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

சொன்னவர் வீட்டுக்காரர் சரவணமுத்து. அரசாங்கத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சிலோன்காரர். வரிசை வீடுகளில் மூலை வீடு அவருடையது, அதை ஒட்டிய வீடும் அவருடையது. மூலை வீட்டில் அவரும் மனைவி தவமணிதேவியும் இருந்தார்கள். ஒட்டிய வீட்டில் செல்லமும் அவள் கணவன் குணாளனும், பதினேழு வயது மகள் லோஷினியும் ஆறு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் அரைச்செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு என்று சொல்லலாம்.

வில்லங்கம் அந்தச் சுவரில்தான். நடு அறையில் சாமி மேடைக்குப் பின்னால் பூசணம் பிடித்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நகக்கண் அளவில் தொடங்கியது, இப்போது முருகன் படத்தின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் பச்சை, கிட்டே போனால் நனைந்த சாக்கு நாற்றம். ஒவ்வொரு தீபாவளிக்கும் குணாளன் அதன்மேல் ஒரு புதுப் பெயிண்டு அடிப்பான். பொங்கலுக்குள் அது பெயிண்டைக் கிழித்துக்கொண்டு வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் கதைதான். சோற்றுக்குப் பதில் பெயிண்டு, அவ்வளவே வித்தியாசம்.

லோஷினி படிப்பதும் படுப்பதும் அந்த அறையில். தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் அவளுக்கு எஸ்.பி.எம் பள்ளியிறுதித் தேர்வு. புத்தகத்தைத் திறந்தால் இருமல், மூடினால் இருமல். மருந்து கொடுத்த டாக்டர் சுவரைச் சரி பண்ணச் சொன்னார். அதனால்தான் செல்லம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சரவணமுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிச் சுவரைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். சாம்பிராணித் தட்டைப் பார்த்தார். தீர்ப்பு அவரிடம் தயாராக இருந்தது.

"இது விளக்குப் புகை, பிள்ளை. ஜன்னலைச் சாத்திப்போட்டு சாம்பிராணி போடுறீங்கள், ஈரத்துணியை உள்ளுக்குக் காயப்போடுறீங்கள். எல்லாம் லயத்துப் பழக்கம். துடைக்கத் தெரியாட்டில் சுவர் என்ன செய்யும்?"

லயம் என்றால் தோட்டத்துக் கூலி வீடு. செல்லம் பிறந்தது லயத்தில், அவள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். அந்த ஒரு சொல் அவளுக்குக் காதில் நுழையவில்லை, நெஞ்சில் நுழைந்தது. புகை என்றால் விரலில் கரியாக வரும், காய்ந்த துணிக்கே போகும், துடைத்த இடத்தில் வேர்விட்டு மறுபடி முளைக்காது என்று அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற ஆள் இல்லை. ஆயுசு முழுக்க மற்றவர்கள் கொடுத்த மனுவில் குறிப்பு எழுதியே பழகியவர்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டைப் அடித்து, வரிசை எண் போட்டு, கீழே கையெழுத்து. ஒன்று, ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். இரண்டு, ஈரத்துணியை வெளியே உலர்த்தவும். மூன்று, குளித்த பின் குளியலறைச் சுவரை ஈரம் இல்லாமல் துடைக்கவும். நான்கு, தீபாவளிக்குள் நடு அறைச் சுவர் சுத்தமாக இல்லையென்றால் அந்த மாத இறுதியில் வீட்டைக் காலி செய்யவும்.

குணாளனுக்குச் சண்டை என்றால் ஆகாது. பாசிர் கூடாங்குக்குத் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவன், நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அமைதி வேண்டும் என்பான். இந்தத் தடவை நல்ல கெட்டிப் பெயிண்டாக வாங்கி இரண்டு கோட்டு அடித்துவிடலாம் என்றான். பிள்ளை பரீட்சை நேரத்தில் வீடு மாற முடியுமா என்று பயந்தான். அந்தப் பயம் செல்லத்துக்கும் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு படி அதிகமாக இருந்தது.

"பெயிண்டு கிடையாதுங்க. மூணு வருஷமா அந்தச் சுவரு வாயைப் பொத்தினது போதும். இந்தத் தடவை அது பேசட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமி மேடையை எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். சாமிகளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு மூக்குக் கவசம், கையுறை. வினிகர் தெளித்து ஊறவைத்து, மூன்று வருடப் பெயிண்டையும் சுரண்டினாள். ரோஸ், இளம்பச்சை, சந்தனம் என்று தோல் தோலாக உரிந்து சிமெண்டு தெரிந்தது. காற்றாடியை இரண்டு நாள் அதன் பக்கம் திருப்பி வைத்துக் காயவிட்டாள். அதற்குப் பிறகு தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டினாள். அறைக்குள் இருக்கிற ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் வேர்க்கும், சுவருக்குள்ளிருந்து வருகிற ஈரம் என்றால் உள்பக்கம் வேர்க்கும். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட வேலை அது.

இரண்டாம் நாள் தாளின் உள்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. சரவணமுத்துவைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் மனுசனுக்கும் வேர்க்கும், சுவருக்கும் வேர்க்கும் என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று கணக்குச் சொல்லிப் போனார்.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா? செல்லம் தாளைக் கிழித்தெறிந்தாள். நேரே வன்பொருள் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தாள். சுண்ணாம்பில் பூசணம் லேசில் பிடிக்காது. அவள் சின்ன வயதில் தோட்டத்து லயங்களுக்கு வருடம் தவறாமல் வெள்ளையடிப்பார்கள்.

"லயத்துப் பழக்கம்னு சொன்னாருல்ல, லயத்துப் பழக்கத்தையே காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கை அடித்தாள். சுவர் பளீரென்று ஆனது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அது நடந்தது. விளக்கேற்ற அறைக்குள் போன குணாளன் அலறாத குறையாக அவளைக் கூப்பிட்டான். வெள்ளைச் சுவரில் ஒரு முழ உயரத்தில் சிவப்பு. நடுவில் அடர்ந்து, கீழே வழிந்து, அசல் குங்குமம். செல்லம் விரலை வைத்து இழுப்பதற்குள் அவன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான்.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் ஒரு அதிசயம் ஊர் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பத்து மணிக்குள் கோயில் தலைவர் ஐயாசாமி கற்பூரத்தோடு வந்துவிட்டார். அவர் பின்னால் பத்துப் பேர், அவர்கள் பின்னால் இருபது பேர். அடுத்த வெள்ளியும் சிவப்பு வந்தது. அன்றைக்கு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ரெங்கம் ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. சுவரில் அம்மனின் முகம் தெரிகிறது என்றார்கள். கண் இங்கே, மூக்குத்தி அங்கே என்று ஆளுக்கு ஒரு இடம் காட்டினார்கள்.

எல்லாரையும்விட உருகிப்போனவர் சரவணமுத்துதான். நெற்றி நிறைய விபூதி, கண் நிறைய தண்ணீர். விளக்குப் புகை, சாம்பிராணி, துடைக்கத் தெரியாதது எல்லாம் போன இடம் தெரியவில்லை. "என்ர வீட்டுக்கு அம்மாள் வந்திட்டா" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் லயமாக இருந்தது இப்போது என்ர வீடு.

ஐயாசாமியும் அவரும் வாசலில் நின்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு குணாளனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அம்மன் உட்கார்ந்த இடத்தில் மனிதர் குடியிருந்து சமைப்பதும் குளிப்பதும் தகாது. இதை ஒரு சின்னக் கோயிலாக்கிவிடலாம். தீபாவளி கழிந்து மாதக் கடைசியில் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் புண்ணியம்.

குணாளன் தலையாட்டிவிட்டு வந்தான். அம்மனே கேட்கும்போது நாம் எப்படி முடியாது என்பது என்றான். செல்லத்துக்கு வந்த சிரிப்பில் பாதி அழுகை. பூசணம் பிடித்தாலும் வெளியே போ, அம்மன் பிடித்தாலும் வெளியே போ. எப்படிப் பார்த்தாலும் போக வேண்டியவள் அவள்தான். உள்ளே லோஷினி கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அறையில் கற்பூரப் புகை. இருமல் இரண்டு மடங்காகியிருந்தது.

அப்போது ஐயாசாமி, அம்மனுக்கு ஆரத்தி எடுக்க வேண்டும், வீட்டுப் பெண்ணே கரைத்துக் கொண்டு வரட்டும் என்று குரல் கொடுத்தார். செல்லம் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தட்டில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டாள். மிச்சமிருந்த சுண்ணாம்பில் விரல் நுனியைத் தொட்டுத் தண்ணீரில் கலக்கினாள். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே இரத்தச் சிவப்பாக மாறியது.

ஆயிரம் தடவை கரைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு, பிள்ளை பிறந்ததற்கு, புது வேனுக்கு. ஒருநாளும் அந்த நிறத்தை நின்று பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. சுவரில் சுண்ணாம்பு அடித்தது அவள். அப்படியென்றால் மஞ்சள் எங்கிருந்து வருகிறது? அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும்?

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். மூலை வீட்டின் குளியலறை. வெள்ளிக்கிழமை விடிந்தால் அங்கே வாளியில் மொண்டு ஊற்றுகிற சத்தம் ஆறு வருடமாக அவள் காதில் விழுகிறது. கையிலிருந்த தட்டை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள். ஆரத்தியை லோஷினியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாக மூலை வீட்டுக்குப் போனாள்.

தவமணிதேவி அடுப்படியில் தனியாக இருந்தாள். அதிர்ந்து பேசாத பெண். புருஷன் பேசி முடித்த பிறகு மிஞ்சுகிற இடத்தில் வாழப் பழகியவள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கிற வழக்கம் உண்டா என்று செல்லம் கேட்டாள். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு ஒரு வெள்ளியும் விட்டதில்லை என்றாள் அவள். செல்லம் ஆரத்தித் தட்டில் கண்டதைச் சொன்னாள். தவமணி அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், சுவரோரம் கீழ்வரிசை டைல்ஸைக் காலால் அழுத்திக் காட்டினாள். டைல்ஸ் ஆடியது. அதன் இடுக்கில் தண்ணீர் கொப்பளித்தது.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் இவர் மேசனை ஏசி அனுப்பிப்போட்டு, தானே நிண்டு டைல்ஸ் ஒட்டினவர்" என்றாள். "பழைய பைப் ஓட்டையை அடைக்கேல்லை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன செய்யலாம் என்று செல்லம் சொன்னதும், தவமணி அலமாரியைத் திறந்து தீபாவளிக்கு அகார்-அகார் ஜெல்லி செய்ய வாங்கி வைத்திருந்த நீலச் சாயக் குப்பியை எடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைச் செல்லம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மூன்றாவது வெள்ளி. கூட்டம் வாசல் தாண்டித் தெருவில் நின்றது. செல்லம் முதல் நாளே சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். அம்மனுக்காக வெள்ளையடித்ததாக எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். முன்வரிசையில் சரவணமுத்து சால்வையோடு, பக்கத்தில் குணாளன் கைகூப்பியபடி. ஐயாசாமி கற்பூரத்தை ஏற்றினார். சுவருக்கு அப்பால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. செல்லத்தைத் தவிர யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

கால் மணி நேரத்தில் சுவர் நனைந்தது. "வருது, வருது" என்று ஒருவர் முணுமுணுத்தார். வந்தது. ஆனால் சிவப்பு வரவில்லை. நீலம் வந்தது. முதலில் ஒரு கீற்று, பிறகு கை அகலம், பிறகு பள்ளிப் பிள்ளை மை கொட்டின மாதிரி வழிந்து தரைக்கு இறங்கியது.

ஐயாசாமியின் கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஒரு அம்மாள் கிருஷ்ணா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செல்லம் முன்னால் வந்து சுவரை மறைத்து நின்றாள்.

"கிருஷ்ணரும் இல்ல, அம்மனும் இல்லங்க. இது பக்கத்து வீட்டு பாத்ரூம் தண்ணி. மஞ்சத் தண்ணி சுண்ணாம்புல பட்டா ஆரத்தி நிறம் வரும், இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மூணு வருஷமா இந்தத் தண்ணிதான் எங்க சாமி முதுகுல ஊறுது, எம் பிள்ளை நெஞ்சுல ஊறுது."

குணாளன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். தெய்வக்குற்றம் ஆகிவிடும் என்றான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அம்மன் வரமாட்டாள்னு நான் சொல்லலங்க. வந்தா வாசல் வழியா வருவா. பாத்ரூம் ஓட்டை வழியா அவ ஏன் வரணும்?"

சரவணமுத்து எழுந்தார். முகம் சிவந்திருந்தது. இவள்தான் சாயத்தைப் பூசி நாடகம் ஆடுகிறாள், தன் வீட்டுக் குளியலறையில் ஒரு குறையும் இல்லை என்று கத்தினார். ஐயாசாமியும் அவர் பக்கம்தான் சாய்வார் போல இருந்தது. அந்த நேரத்தில் கூட்டம் பின்னாலிருந்து விலகியது. தவமணிதேவி ஈரத்தலையில் துண்டைக் கட்டியபடி உள்ளே வந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல்கள் பத்தும் நீலமாக இருந்தன.

"நீலம் நான்தான் ஊத்தினனான்" என்றாள்.

ஐயாசாமி கற்பூரத்தை அணைத்தார். ரெங்கத்து வேன் திரும்பிப் போயிற்று. செருப்புகள் ஒவ்வொன்றாக வாசலை விட்டுக் கிளம்பின. மிச்சமாக நின்றது சரவணமுத்துவின் ஒரு ஜோடிதான். அவர் அதை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார்.

மேசன் வந்து மூலை வீட்டுக் குளியலறையை உடைத்தான். கைமுட்டி நுழைகிற அளவுக்குப் பழைய பைப் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் முடித்துவிடுவேன் என்று சொன்னான். மேசன் சொல்கிற மூன்று நாளை நம்பியவர் உண்டா? இன்னொரு இடத்தில் அவசர வேலை என்று போனவன் தீபாவளி முடிகிறவரை தலைகாட்டவில்லை. மூலை வீட்டில் இருந்தது அந்த ஒரு குளியலறைதான். தவமணி கூச்சப்படாமல் செல்லம் வீட்டில் வந்து குளித்துவிட்டுப் போனாள். சரவணமுத்து பின்கட்டுக் குழாயடியில் இருட்டோடு இருட்டாகச் சமாளித்தார். ஆனால் நான்காவது விதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இருங்கள் என்றும் இல்லை, போங்கள் என்றும் இல்லை. தாள் குளியலறைக் கதவில் அப்படியே இருந்தது. குணாளன் அதைக் கிழிக்கப் போனபோது செல்லம் தடுத்துவிட்டாள். ஒட்டினவரே வரட்டும் என்றாள்.

தீபாவளி விடிந்தது. செல்லம் எழுந்து வெந்நீர் போட்டு, மகளுக்கும் கணவனுக்கும் தலையில் எண்ணெய் வைத்து முடித்திருந்தாள். சுண்ணாம்புச் சுவர் ஒரு வாரமாக ஈரம் காட்டவில்லை. லோஷினி அந்த அறையில் இருமாமல் தூங்கி எழுந்தாள். பின்வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சரவணமுத்து நின்றிருந்தார். தலையில் எண்ணெய் வழிந்தது. தோளில் துண்டு, கையில் புது வேட்டி. கூதலில் உடம்பு லேசாக நடுங்கியது. எண்ணெய் முழுக்குக்கு வெந்நீர் வேண்டும், குழாயடி ஆகாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பிள்ளை, குளிக்க வேணும்" என்றார்.

செல்லத்துக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் தலையில் எண்ணெயோடு வாசலுக்கு வந்த மனுஷனைத் தீபாவளி நாளில் திருப்பி அனுப்ப அவளை யாரும் வளர்க்கவில்லை. லயத்தில் அந்தப் பழக்கம் இல்லை. உள்ளே வரச் சொன்னாள். குளியலறைக் கதவு வரை கூட்டிப்போய், லோஷினியின் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"முதல் மூணும் நல்ல விதிதான் ஐயா, இருக்கட்டும். கடைசியை மட்டும் அடிச்சிட்டுக் குளிங்க. தண்ணி ஆறுது."

அவர் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். உள்ளேயிருந்து வெந்நீரின் ஆவி முகத்தில் அடித்தது. நான்காவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். கையெழுத்துப் போட்டார். கேட்காமலே தேதியும் போட்டார், தலைமைக் கிளார்க் அல்லவா. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்துப் புது வேட்டியில் வெளியே வந்தபோது செல்லம் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரை ஒரு கையால் விலகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுவரில் ஒரு விரலை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் இழுத்தாள். விரலைப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு ஐயா" என்றாள். "மூணாவது விதி."

சரவணமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் நீட்டிய துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டாவது தடவை விரலை இழுத்துப் பார்த்த பிறகுதான் செல்லம் தலையாட்டினாள்.